தொபியாஸ் வாய் திறக்காத கச்சான் காலம்

நம்புறவிய நம்புங்க, நம்பாதவிய இந்த மீன்கூடைய ஒரு கை பிடிச்சு எறக்கி வச்சிட்டு உங்க பாட்டுக்குப் போங்க, எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். ஆனா எங்க சிலுவைத்துறையில தொபியாஸ்ங்கிறவன் மேக்க இருந்து கச்சான் காத்து அடிக்கிற ஒரு காலம் முழுக்க வாயத் தொறக்காம, ஒரு பருக்கை சோறு தின்னாம, கன்னத்துக்குள்ள ஒரு பிள்ளையச் சுமந்துக்கிட்டு எங்களுக்கு நடுவுல நடந்து திரிஞ்சான், நாங்களும் அவனுக்கு வழி விட்டு, அவன் பக்கத்துல உக்காந்து கிழிஞ்ச வலை பொத்தி, அவன் பங்கு மீன அவன் வீட்டுக்குக் கொடுத்துவிட்டு, எங்க சோலியப் பாத்தோம். இதுல கூட்டிச் சொல்ல எனக்கு ஒண்ணுமில்ல. அவன் பொண்டாட்டி கித்தேரியும் நானும் ஒரே சுவருக்கு அந்தப்பக்கம் ஒருத்தி இந்தப்பக்கம் ஒருத்தியாக் குடியிருக்கிறவளுவ, அந்த வீட்டுல ஊசி விழுந்தா எனக்குத்தான் மொதல்ல கேக்கும்.

மொதல்ல கெளுத்தியப் பத்திச் சொல்லிருதேன், அது தெரியாம இந்தக் கதை வெளங்காது. நீங்க ஆத்துல பாக்குற கெளுத்தி இல்ல, கடல் கெளுத்தி. செதிள் கெடையாது, பூனைக்கு இருக்கிற மாதிரி மீசை உண்டு, முதுகுல ஒரு முள்ளு இருக்கு, குத்துனா ஆம்பளையும் அழுதுருவான். கரையோரமா, ஆறு வந்து விழுற கலங்கத் தண்ணியில, அடியில சேத்த ஒட்டியே கெடக்கும். மீசைய வச்சுத் தடவித் தடவிப் புழுவு, நண்டுக்குஞ்சி, செத்தது அழுகுனது எல்லாத்தையும் தின்னும். அதனாலயே வசதியானவிய வீட்டுல அத வாசல்லகூட ஏத்தமாட்டாவ. ஆனா அந்தச் சேத்துமீனு செய்யுற காரியத்த எந்த ஒசத்தி மீனும் செய்யாது. பொட்டை முட்டை போட்டுட்டுப் போயிருவா. கடா இருக்கே, அது அந்த முட்டையெல்லாம் வாயில அள்ளிக்கிடும். ஒவ்வொண்ணும் கோலிக்குண்டு பெருசு. பொரிக்கிற வரைக்கும், பொரிச்ச குஞ்சுக்கு மீசை மொளச்சு நீந்தத் தெரியுற வரைக்கும், வாயில வச்சிருக்கும், பட்டினி கெடக்கும், குடலு சுருங்கிப் போவும், ஒண்ணக்கூட முழுங்காது. வெளிய விட்ட பெறகும் ஏதாவது சத்தம் கேட்டுப் பயந்தா குஞ்செல்லாம் ஓடிவந்து அப்பன் வாய்க்குள்ளயே பூந்துக்கிடும்.

இதெல்லாம் எங்க ஆம்பளையளுக்கு நல்லாத் தெரியும். தெரிஞ்சிருந்தும், வலையில கடா வந்தா வாலப் பிடிச்சுத் தலைகீழா ஒரு ஒதறு ஒதறுவாவ. முட்டை பொலபொலன்னு வள்ளத்துல கொட்டும். அத வீட்டுக்குக் கொண்டு வந்தா நாங்க உள்ளியும் மொளகும் போட்டு அவிச்சுத் திம்போம். நல்ல ருசி, பொய் சொல்லக்கூடாது.

எங்க ஊர்ல இன்னொரு வழக்கமும் உண்டு. பிள்ளைக்குப் பேரு வைக்கிறது அப்பன். பொண்டாட்டி உண்டாயிருக்கும்போதே அவன் கடல்ல வச்சு மனசுக்குள்ள பேர முடிவு பண்ணிருவான், ஆணுக்கு ஒண்ணு, பொண்ணுக்கு ஒண்ணு, ஆனா பெத்தவகிட்டகூட மூச்சு விடமாட்டான். கோயில்ல ஞானஸ்நானத் தொட்டிக்கு முன்னால நிக்கும்போது சாமியார் "இந்தப் பிள்ளைக்கு என்ன பேரு?"ன்னு கேப்பாரு பாருங்க, அப்பத்தான் வாயத் தொறந்து சொல்லுவான், தண்ணி விழும்போதுதான் பெத்தவளே அந்தப் பேரக் கேப்பா. தண்ணிக்கு முந்திச் சொன்னா பேரு பிள்ளைமேல நிக்காது, காத்தோட போயிரும்னு சொல்லி வச்சிட்டாவ. சரி, தண்ணி விழுறதுக்கு முன்னால பிள்ளை போயிட்டா? அந்தப் பேரு அப்பன் வாயோட கெடக்க வேண்டியதுதான், அவன்கூடவே குழிக்குப் போக வேண்டியதுதான்.

கித்தேரிக்கு அதுதான் நடந்தது. ரெண்டு நிக்கல. மூணாவது நின்னு, மாசம் நெறஞ்சு, வெள்ளையா தலை நெறைய முடியோட ஒரு பொண்ணு பொறந்தது, மூச்சு மட்டும் இல்ல. தண்ணி படாத பிள்ளையக் கல்லறைத் தோட்டத்துக்குள்ள வைக்கிறதில்ல, அந்தக்காலத்துச் சட்டம். சுவருக்கு வெளிய, கடலப் பாத்த பக்கம், தாழம்புதர் ஓரமா தொபியாஸே குழி தோண்டி வச்சான். அடுத்த மழைக்குக் கடல் பொங்கி வந்து அந்த மேட்ட அப்பிடியே வழிச்சிட்டுப் போயிட்டு. குழியும் இல்ல, தாழையும் இல்ல.

அதுக்குப் பெறகு கித்தேரி ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. "என் பிள்ளைக்கு என்ன பேருன்னு மட்டும் சொல்லிருங்க"ன்னு கேட்டா. சோறு போடும்போது கேட்டா, பாய் விரிக்கும்போது கேட்டா, கோவத்துல கேட்டா, கால்ல விழுந்தும் கேட்டா. அவன் தலையக் குனிஞ்சுக்கிட்டு, "தண்ணி படலியேட்டி. எப்பிடிச் சொல்லுவேன்?"னு அதையே சொல்லுவான். பிடிவாதக்காரன். ஒரு தடவ முடிவு பண்ணிட்டான்னா கல்லுதான். அவன் மாமியா பிரகாசியம்மாகிட்டயும் அப்பிடித்தான் இருந்தான். கல்யாணப் பந்தல்ல வச்சு எல்லாரும் கேக்க அந்த அம்மா, "போயும் போயும் சேத்துல மேயுற கெளுத்திக்கா என் மவளக் கொடுக்கேன்"னு சொல்லிட்டா, வாய்த்துடுக்கு; அன்னைக்கு மூடுனவன் அவ சாவுற வரைக்கும் அவகூட ஒரு வார்த்தை பேசல. செத்த பெறகும் போவல அந்த வைராக்கியம். கித்தேரி மூணாவது உண்டான பெறகு இன்னும் மோசம், அந்த அம்மா பேரு காதுல விழுந்தாலே, பந்தியில இருந்தாலும் எந்திரிச்சுப் போயிருவான்.

எங்க ஊர்ல பொழுது சாயும்போது பொம்பளைய எல்லாரும் கரைக்கு வருவோம். பிள்ளைய மணல்ல விளையாடிக்கிட்டுக் கெடக்கும், கூப்புட்டாத்தான் வரும். ஆளாளுக்கு அவ அவ பிள்ளை பேரச் சொல்லிக் கத்துவா, ஏ ரெமிஜியுஸ், ஏ அமலி, வாறியா இல்ல கம்பெடுத்துட்டு வரட்டான்னு, காத்து அந்தப் பேரையெல்லாம் கொண்டுபோய்க் கடல்மேல போடும். கித்தேரியும் வருவா. எங்களுக்கு நடுவுல நிப்பா. கடலப் பாத்துட்டு, வாய் லேசாத் தொறந்து, கூப்புடப் போற மாதிரியே நிப்பா, ஆனா கூப்புட அவகிட்ட ஒரு பேரு கெடையாது. நாங்க பிள்ளையளக் கூட்டிக்கிட்டுத் திரும்பும்போது அவளும் முந்தானைய ஒதறிட்டுத் திரும்புவா.

இப்பிடியே சில வருசம் போன பெறகு, கச்சான் தொடங்குன புதுசுல தொபியாஸும் லொஞ்சினும் ஆத்துவாய் ஓரமா வலை போட்டாவ. லொஞ்சின் வள்ளத்துல பாதிப் பங்காளி, வாயாடி, அவன் சொல்லித்தான் இது எனக்குத் தெரியும். வலையில பெரிய கடா ஒண்ணு வந்திருக்கு. தொபியாஸ் வாலப் பிடிச்சு ஒதறினான், முட்டை கொட்டிச்சு. கொட்டுனதுல ஒண்ணு மட்டும் உருண்டு உருண்டு அவன் காலடியில வந்து நின்னிருக்கு. மஞ்சளா, உள்ள கறுப்பா ரெண்டு கண்ணு. அவன் குனிஞ்சு எடுத்தான். அது அவனப் பாத்ததாம்.

கடல்ல ரெண்டு கையும் எப்பவும் வேலையா இருக்கும் பாத்துக்கிடுங்க. அதனால எங்க ஆளுவ சின்னச் சாமான் எதையும் வாயிலதான் வைப்பாவ, வலை ஊசி, நூலு, தூண்டில், எல்லாம் வாயிலதான். தொபியாஸும் தண்ணியில விடணும்னுதான் அந்த முட்டைய எடுத்தான், அந்நேரம் பாத்து ஒரு பெரிய அலை பக்கவாட்டுல வந்தது, லொஞ்சின் "கயித்தப் பிடி மாப்ள!"ன்னு கத்துனான், இவன் முட்டைய வாயில போட்டுட்டு ரெண்டு கையாலயும் கயித்தப் பிடிச்சான். வள்ளம் நிமிந்தது. வாயத் தொறக்கப் பாத்தான். தொறக்கல.

சாயங்காலம் கித்தேரி சுவத்துக்கு மேல தலைய நீட்டி, "அக்கா, இவிய சாப்புட மாட்டேங்காவ, பேசவும் மாட்டேங்காவ"ன்னா. நான் போய்ப் பாத்தேன். உக்காந்திருந்தான், ஒரு கன்னம் லேசாப் பொடைச்சிருந்தது. பல்லுவலின்னு நெனச்சோம். தெரு முழுக்க வைத்தியம் சொன்னிச்சு, கிராம்பு வை, உப்புத் தவிடு ஒத்தடம் கொடுன்னு. எதுக்கும் அவன் தலைய ஆட்டி ஆட்டி வேண்டாம்னான். மறுநாள் டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனோம். டாக்டர் நல்ல மனுசன், தாடையத் தட்டிப் பாத்தாரு, அவன் கடவாப்பல்லு விழுந்த சந்து வழியா டார்ச் அடிச்சுப் பாத்தாரு. பெறகு டார்ச்ச அணைச்சிட்டு, "வெளிச்சம் கூசுது போல"ன்னாரு.

"யாருக்கு டாக்டர்?"னு கேட்டேன்.

"உள்ள இருக்கிறதுக்கு"ன்னாரு. "தொந்தரவு பண்ணாதீங்க. வெயில்ல அலையாமப் பாத்துக்கோங்க."

அவ்வளவுதான். எழுதிக் கொடுக்க மருந்து இல்ல. பஸ்ஸுல திரும்பி வரும்போது கண்டக்டர் அவனுக்கு எந்திரிச்சு எடம் கொடுத்தான், அவன்கிட்ட யாரு சொன்னாவளோ தெரியல.

மொத வாரம் ஊரு கொஞ்சம் கசமுசன்னுதான் இருந்தது. பெறகு பழகிட்டு. காலையிலயும் சாயங்காலமும் தொபியாஸ் கழுத்தளவு கடல்ல எறங்கி நிப்பான், பல்லுச் சந்து வழியாத் தண்ணிய உள்ள வாங்கி மூக்கு வழியா விடுவான். துணி அலசுறவளுவ தள்ளிப் போயி எடம் விட்டாளுவ. கடலுக்கும் போனான், கத்திச் சொல்ல முடியாதுங்கிறதால கையால காட்டுனான், லொஞ்சின் அதையும் படிச்சுக்கிட்டான், அந்த வள்ளத்துல அதுக்கு முந்தி அவ்வளவு அமைதியா வேலை நடந்ததில்லன்னு மத்த வள்ளக்காரன் பொறாமப்பட்டான். ஞாயித்துக்கிழமை பூசையில நன்மை அப்பம் வாங்குற வரிசையில அவன் வந்து நின்னதும் சாமியார் அப்பத்தக் கையில வச்சுக்கிட்டு ஒரு நிமிசம் யோசிச்சாரு, பெறகு அத வச்சிட்டு அவன் கன்னத்துல உள்ளங்கைய வச்சாரு. உள்ளருந்து ஒரு தட்டு. சாமியாருக்குக் கண்ணு கலங்கிட்டு. பிரசங்கத்துல அத ஒண்ணும் சொல்லல, பூசை முடிஞ்சு வாசல்ல நிக்கும்போது மட்டும், "மத்த பிள்ளைய எல்லாம் கோயில்ல கூச்சல் போடுது, இதாவது ஒழுங்கா இருக்கு"ன்னாரு.

உள்ள இருக்கிறது யாருன்னு யாரும் சொல்லல. சொல்லணுமா என்ன? கடல் எடுத்துட்டுப் போனது, கடல்லருந்து வருது. தாழம்புதர் இருந்த எடத்தத் தாண்டும்போது எல்லாரும் ஒரு தடவ திரும்பிப் பாத்துக்கிட்டோம், அவ்வளவுதான்.

எங்க வீட்டு ஆம்பளையளுக்குத்தான் கஷ்டகாலம். "பாரும்வே, அவன் பச்சத்தண்ணி பல்லுல படாமச் சொமக்கான், நீரு ஒருவேளைக் குழம்புல உப்பு கொறஞ்சா ஊரக் கூட்டுதீரு"ன்னு எல்லாப் பொம்பளையும் ஆரம்பிச்சிட்டா. லொஞ்சினுக்கு ரோசம் வந்து அவனும் ஒரு முட்டைய வாயில போட்டுப் பாத்தான். தெரு முக்கு தாண்டல, வேப்பமரத்தடியில குமட்டித் துப்பிட்டான், அவன் பொண்டாட்டி இன்னைக்கும் அதச் சொல்லிச் சிரிப்பா. வாலப் பிடிச்சு ஒதறுற வழக்கமும் நின்னுபோச்சு. வாய் பொடைச்ச கடா வந்தா ரெண்டு கையால ஏந்தித் தண்ணியில விட்டாவ. என் கூடைக்குக் கெளுத்தியே வரல, நான் நாலு திட்டு திட்டினேன், ஆனா வந்திருந்தாலும் வித்திருக்கமாட்டேன், அது வேற விசயம்.

கித்தேரி மட்டும் பழகிக்கிடல. மத்தவளா இருந்தா சந்தோசப்பட்டிருப்பா. அவளுக்கு வந்தது ஆத்திரம். ஒருநாள் மத்தியானம் சுவருக்கு அந்தப்பக்கம் சட்டி விழுந்த சத்தம் கேட்டு ஓடுனேன். அவன் நெஞ்சுல ரெண்டு கையாலயும் குத்துதா.

"மூணு தடவ சொமந்தேனே, மூணு தடவயும் வெறுங்கையோட எந்திரிச்சேனே! எனக்குத் தராதத உங்களுக்கு ஏன் தந்தது? பேரையும் நீங்க வச்சுக்கிட்டீங்க, பிள்ளையையும் நீங்களே வச்சுக்கிட்டீங்க, எனக்கு என்ன மிச்சம்? சொல்லுங்க! இப்ப வாயும் இல்ல, அதுவும் போச்சு, சண்டை போடக்கூட எனக்கு ஆளில்ல!"

அவன் குத்து வாங்கிக்கிட்டு நின்னான். கன்னத்தப் பிடிச்சுக்கிட்டான், பிள்ளைக்கு அதிரக்கூடாதுல்லா. அப்ப, சத்தியமாச் சொல்லுதேன், உள்ளருந்து டொக்கு டொக்குன்னு பல்லத் தட்டுற சத்தம். கித்தேரி நிறுத்துனா. "என்ன?"ன்னா. டொக்கு. "என்னட்டி?"ன்னு கொரலத் தாழ்த்திக் கேட்டா. டொக்கு டொக்கு. நான் பேசிப் பாத்தேன், ஒண்ணுமில்ல. என் சத்தம் ஊருக்கே கேக்கும், அதுக்குக் கேக்கல. அவ சத்தத்துக்கு மட்டும் பதில் சொன்னிச்சு.

அன்னையிலருந்து அவ அவன் கன்னத்தோட ஒட்டிக்கிட்டா. அவன் வலை பொத்துவான், அவ பக்கத்துல உக்காந்து அவன் கன்னத்துகிட்ட வாய வச்சுப் பேசிக்கிட்டே இருப்பா, இன்னைக்கு வெயிலு, இன்னைக்கு மத்தி வந்திருக்கு, உங்கப்பன் மொகத்தச் சவரம் பண்ணல, உனக்குக் குத்துதாட்டின்னு. வருசக்கணக்காச் சேத்து வச்ச பேச்சு. பெறகு ஒருநாள் அவளுக்கு ஒரு யோசனை வந்தது. ஒவ்வொரு பேராச் சொல்லிப் பாப்போம், எந்தப் பேருக்குத் துள்ளுதோ அதுதான் அவ பேரு. "அப்ப நீங்க சொல்லவே வேண்டாம்"னு அவன்கிட்ட சொன்னா. அவன் கண்ண மூடிக்கிட்டான்.

ஊரே சேந்து பேரு தேடிச்சு. கோயில்ல செபம் சொல்லிக்கொடுக்கிற உபதேசியார் தெரிஞ்ச புனிதவதிய பேரையெல்லாம் ஒப்பிச்சாரு. பள்ளிக்கூட டீச்சர் புதுசு புதுசாச் சொன்னா. செத்துப்போன கிழவிமாரு பேரும், பொறந்த எல்லாப் பிள்ளை பேரும், கப்பல் பேரு, வள்ளத்துப் பேருகூட. ரோசலின், அந்தோனியம்மா, மதலேன், சூசன்னா, ஞானதீபம். ஒவ்வொண்ணையும் கித்தேரி அவன் கன்னத்துல மெதுவாச் சொல்லுவா, காத வச்சுக் கேப்பா. எப்பவும் போலச் சின்னதா ஒரு டொக்கு, அவ்வளவுதான், துள்ளல. "இதுவும் இல்லக்கா"ம்பா. அவ மொகம் ஒவ்வொரு பேருக்கும் கொஞ்சம் கொஞ்சமா வாடிக்கிட்டே வந்தது.

தொபியாஸும் வாடிட்டான். வெலா எலும்பு தெரிஞ்சது, கண்ணு குழிக்குள்ள போயிட்டு, வேட்டி இடுப்புல நிக்காமக் கயிறு கட்டியிருந்தான். கச்சான் ஓஞ்சு, மேக்க மலையில மழை பெஞ்சு, ஆத்துத் தண்ணி செம்மண்ணாக் கடல்ல வந்து விழுந்தது. கெளுத்திக் கடா எல்லாம் குஞ்சு விடக் கரைக்கு வர்ற பருவம். தொபியாஸ் எந்திரிச்சு ஆத்துவாய்ப் பக்கம் கையக் காட்டுனான். கித்தேரிக்குப் புரிஞ்சது. வீட்டுக்குள்ள அவன இழுத்துக் கதவத் தாப்பாப் போட்டா.

நான் சுவத்துல கைய வச்சுக் கூப்புட்டேன். "ஏட்டி கித்தேரி, தொற. அவன் செத்துருவான்."

"தொறந்தா அவ போயிருவாக்கா."

"தொறக்கலேன்னா ரெண்டு பேரும் போயிருவாவட்டி."

நான் சுவத்தத் தட்டிக்கிட்டே நின்னேன். பெறகு தாப்பா எடுக்கிற சத்தம் கேட்டது. அவன் கையப் பிடிச்சுக் கூட்டிக்கிட்டு வெளிய வந்தா, பொண்ணு மாப்பிள்ளை வர்ற மாதிரி மெதுவா நடந்தாவ, தெரு முழுக்கப் பின்னால போச்சு. நல்ல வெயிலு. ஆத்துவாயில தண்ணி கலங்கி, வெதுவெதுன்னு இருந்தது.

தொபியாஸ் இடுப்பளவு எறங்கி நின்னான். கித்தேரி பக்கத்துல நின்னா. அவன் மொகத்தத் தண்ணிக்குள்ள தாழ்த்துனான், தாடை எலும்பு மளுக்குன்னு தொறக்குற சத்தம் கரையில நிக்கிற எனக்கே கேட்டது. வாயிலருந்து ஒண்ணு நழுவி வந்தது. வெரல் நீளம், சேத்து நெறம், சின்ன மீசை. குட்டிக் கெளுத்தி. தண்ணிக்கடியில கித்தேரி காலச் சுத்திச் சுத்தி வந்தது, மீசையால அவ குதிகாலத் தடவிச்சு.

"அக்கா, கூசுதுக்கா!"ன்னு கித்தேரி சிரிச்சா. அவ சிரிச்சு நான் கேட்டு எவ்வளவு காலமாச்சுன்னு எனக்கே தெரியல. நான் அழுதுட்டேன், அதுல என்ன வெக்கம்.

அப்பத்தான் அந்த உபதேசியார், நல்ல எண்ணத்துலதான், திருவிழாவுக்கு வச்சிருந்த வேட்டக் கொண்டுவந்து கொளுத்தித் தொலைச்சாரு. படார்னு ஒரு சத்தம். குட்டி வெருண்டுபோய் ஓடுனது எங்கங்கிறீய? அப்பன் வாய்க்குள்ளதான். தொபியாஸ் பொசுக்குன்னு வாய மூடிட்டான். கரையில நின்ன எல்லாரும் உபதேசியாரத் திட்டுன திட்டு இருக்கே, அத இங்க சொல்லக்கூடாது.

கித்தேரி அவனப் பாத்தா. அவன் கண்ண மூடி நின்னான், காலு ரெண்டும் தள்ளாடுது. மூடுன வாய இனி அவன் தொறக்கமாட்டான்னு எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு, பயந்த பிள்ளைய எந்த அப்பன் வெளிய தள்ளுவான்? அவளுக்கும் ஆசைதான், எனக்குத் தெரியும். அப்பிடியே வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருக்கலாம், இன்னும் கொஞ்ச நாளு கன்னத்துல வாய வச்சுப் பேசிக்கிட்டு இருந்திருக்கலாம். அவ அதச் செய்யல. ரெண்டு கையையும் சேத்துக் குவிச்சா. கடல் தண்ணிய அள்ளுனா. அவன் தாடைக்குக் கீழ கொண்டுபோய் ஏந்துனா.

"சாமி, நீங்க கேளுங்க"ன்னு கரையப் பாத்துச் சொன்னா.

சாமியார் செருப்பக் கழத்திட்டு அங்கிய ஒரு கையால தூக்கிப் பிடிச்சுக்கிட்டுத் தண்ணிக்குள்ள வந்தாரு. கேக்கத்தான் வந்தாரு, பாவம், அலை அடிச்சு அங்கிய இழுக்க, அதப் பிடிக்கவே அவருக்குச் சரியா இருந்தது. அப்ப கித்தேரியே கேட்டா, கோயில்ல கேக்குற அதே மாதிரி, சத்தமா, எல்லாருக்கும் கேக்குற மாதிரி.

"இந்தப் பிள்ளைக்கு என்ன பேரு?"

தொட்டிக்கு முன்னால அப்படிக் கேட்டா எங்க ஊர்ல எந்த அப்பனும் வாயத் தொறக்காம இருந்ததில்ல. தொபியாஸ் தொறந்தான். குட்டி அவ கையில இருந்த தண்ணியில விழுந்தது. விழுந்த அந்த நொடியில அவன் சொன்னான், இத்தன நாளு பேசாத கொரலு, துருப்பிடிச்ச கீல் தொறக்குற மாதிரி வந்தது.

"பிரகாசி."

அது துள்ளிச்சு. கித்தேரி உள்ளங்கையில, இருந்த அந்தக் கொஞ்சூண்டு தண்ணியில, ரெண்டு தடவ துள்ளிச்சு.

"எங்கம்மா பேரா?"ன்னு கேட்டா கித்தேரி.

"உங்கம்மா பேருதான்."

"அந்தப் பேரக் கேட்டாலே எந்திரிச்சுப் போவீங்களே! எல்லாப் பேரையும் சொன்னேன், அத மட்டும் நான் சொல்லவே இல்லியே!"

"பேரு வாயிலயே இருந்ததுல்லா"ன்னான் தொபியாஸ். "யாராவது அந்தப் பேரச் சொன்னா நானும் கூடச் சேந்து சொல்லிருவேனோன்னு பயம். அதான் எந்திரிச்சுப் போவேன்." மூச்சு வாங்கிக்கிட்டு நின்னான், பெறகு சொன்னான், "அவ என்னத் திட்டுனது உண்மைதான். ஆனா உன்னப் பெத்தவ அவதானேட்டி."

கித்தேரி அந்தக் குட்டிய மொகத்துக்கு நேரா ஏந்திப் பாத்துக்கிட்டே நின்னா. வெரல் சந்து வழியாத் தண்ணி சொட்டிக்கிட்டே இருந்தது. கடைசித் தண்ணி வடியுறதுக்கு முந்தி கையத் தாழ்த்தி விரிச்சா. அது போயிட்டு. கொஞ்ச தூரம் அது போயிருக்கும், "பிரகாசி"ன்னு அவ ஒருதடவ மெதுவாச் சொன்னதும், மண்ணுக் கலங்கலுக்குள்ள அது திரும்புனத நாங்க எல்லாரும் பாத்தோம். பெறகு போயிட்டு.

தொபியாஸுக்கு நான்தான் மொத வாய் கஞ்சி கொடுத்தேன், கித்தேரி இன்னும் ஆத்துவாயப் பாத்துக்கிட்டு நின்னா. அவன் இப்ப பேசுதான், முன்ன பேசுனதவிடக் கூடவே பேசுதான், சில நாளு எரிச்சலாத்தான் இருக்கு. சுவருக்கு அந்தப்பக்கம் சண்டையும் நடக்குது, நல்லாத்தான் நடக்குது. ஊருல கெளுத்தி விக்கிறோம், திங்கிறோம், வாய் பொடைச்சது வந்தா மட்டும் விட்டுருவோம். வேற பிள்ளை அவியளுக்கு இல்ல. சொந்தக்காரவிய தாறோம்னு சொன்ன பிள்ளை எதையும் அவ எடுத்து வளக்கவும் இல்ல.

பொழுது சாயும்போது இன்னைக்கும் நாங்க கரைக்கு வருவோம். என் பிள்ளையெல்லாம் பெருசாயிட்டு, பேரப்பிள்ளையளக் கூப்புட வாறேன் நானு. ஆளாளுக்குக் கத்துவோம். நடுவுல கித்தேரி நிப்பா, முந்தானைய இடுப்புல செருகிக்கிட்டு, கைய வாய்கிட்ட குவிச்சுக்கிட்டு, எங்க எல்லாரவிடச் சத்தமா, "ஏ பிரகாசீ! பொழுது போச்சுட்டி, வா வீட்டுக்கு!"ன்னு கூப்புடுவா. ஆத்துவாய் ஓரமாத் தண்ணி லேசாக் கலங்கும். அதுல ஒண்ணும் அதிசயம் இல்ல, அடியில கெளுத்தி மேஞ்சா தண்ணி கலங்கத்தான் செய்யும். எங்க பிள்ளைய எல்லாம் ஒண்ணொண்ணா மணல ஒதறிக்கிட்டு ஓடி வந்துரும், நாங்க காதப் பிடிச்சு இழுத்துக்கிட்டுத் திரும்புவோம். கித்தேரி இன்னொரு தடவ கூப்புட்டுப் பாப்பா. அதுக்கு மட்டும் நாங்க எல்லாரும் நின்னு, அவகூடச் சேந்து கூப்புடுவோம்.